கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

எல்லோருக்கும் வணக்கம். குழந்தைகளின் உடல் பருமன் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு கழுத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எட்டு வயதுப் பையன். இருமலுக்காக அழைத்து வந்திருந்தார்கள். மருந்து எழுதி முடிக்கும் நேரத்தில் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கழுத்துல அழுக்கு படிஞ்சிருக்கு டாக்டர். எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.” காலரை விலக்கிப் பார்த்தேன். பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரித் தடித்த கருமை. அதன் மேல், தேய்த்துத் தேய்த்து வந்த புதுச் சிவப்புக் கோடுகள். நான் கையை எடுத்ததும் பையன் காலரை மறுபடி மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

அது அழுக்கு இல்லை. உடம்பில் கொழுப்பு கூடக் கூட, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க மறுக்கிறது. கணையம் விடாமல் இன்னும் இன்னும் சுரக்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சி ஓடும் அந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிவிட, கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்துப்போகிறது. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் என்று ஒரு காலத்தில் நாங்கள் படித்த டைப் 2, இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருகிறது. கல்லீரலில் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை, முழங்கால் வலி எல்லாம் கூடவே வருகின்றன.

எடை 36 கிலோ. உயரம் 130 சென்டிமீட்டர். அப்பா உடனே செல்போனில் கணக்குப் போட்டார். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண், 21.3. “நார்மல்னுதானே காட்டுது?” என்றார். பல வீடுகளில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். 25 வரை சரி என்பது வளர்ந்து முடிந்தவர்களுக்கான கணக்கு. பிள்ளைக்கு வயது, ஆணா பெண்ணா என்று பார்த்துத் தனி அட்டவணை இருக்கிறது. எட்டு வயதுப் பையன்களில் நடுவில் நிற்பவனின் பிஎம்ஐ 16க்குச் சற்றுக் கீழே. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதுக்கு 20ஐத் தாண்டினாலே பருமன்தான்.

இவன் ஒருவன் என்றால் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன். 1990இல் உலகம் முழுக்க 5 முதல் 19 வயதுக்குள் பருமனோடு இருந்தவர்கள் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். 2022இல் 16 கோடி. யுனிசெஃப் 2025இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை: பள்ளி வயதில், எடை குறைந்த பிள்ளைகளைவிடப் பருமனான பிள்ளைகளின் விகிதம் முதல் முறையாக அதிகமாகிவிட்டது.

சரி, ஒரே தலைமுறையில் உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நாக்கு நீண்டுவிட்டதா? முப்பது வருடத்தில் மரபணு மாறாது. மாறியது நாம் அவர்களைச் சுற்றி வைத்திருக்கும் பொருள்கள்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். 330 மில்லி குளிர்பானம். அதில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு ஒன்பது டீஸ்பூன். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒன்பது ஸ்பூன் போட்டுக் கலக்கிப் பிள்ளை கையில் கொடுக்க யாருக்கும் மனம் வராது. மூடி போட்டு வந்தால் வருகிறது! நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு, இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 40 கிராமைத் தாண்டக் கூடாது; 20க்குள் நின்றால் இன்னும் நல்லது. பழச்சாற்றின் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும். பழம் வராது, சாறு வரும். தவிர, குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை. பிள்ளை சாப்பிடுவதையும் குறைக்காது.

வீடு மட்டும் திருந்தினால் போதும் என்று நான் நம்பவில்லை. சிலி நாட்டில் 2016இல் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை குத்தச் சொன்னார்கள். பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மைகளை அட்டையிலிருந்து எடுக்கவும் சொன்னார்கள். பிரிட்டனில் 2018இல் சர்க்கரை பானங்களுக்கு வரி வந்தது. வரும் என்று தெரிந்ததுமே பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. முடியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது முடிந்தது.

அப்புறம், கேலி. அன்றைக்கு அந்த அம்மா அவன் முன்னாலேயே, “சொன்னா கேக்கறதே இல்ல, தின்னு தின்னு...” என்று ஆரம்பித்தார். பையன் தரையைப் பார்த்தான். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கு எடை இறங்குவதில்லை, ஏறத்தான் செய்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆய்வே வேண்டாம், அந்த முகத்தைப் பார்த்திருந்தால் போதும்.

“உயரம் ஏறினா சதை தானா இழுத்துக்கும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கத் தேவையில்லை. எடை அங்கேயே நின்றால் போதும். இந்தப் பையன் இரண்டு வருடத்தில் 142 சென்டிமீட்டர் ஆகி, எடை அதே 36இல் நின்றால் பிஎம்ஐ 17.9. பத்து வயதுக்கு அது சரியான அளவு. எடை சும்மா இருந்தால்தான் உயரம் இழுக்கும். அதுவும் கூட ஏறினால் இழுக்க ஒன்றுமில்லை.

அவனுக்கென்று தனிப் பத்தியம் எதுவும் எழுதவில்லை. பானங்கள் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினோம், எல்லோருக்கும் சேர்த்து. டிவி படுக்கையறையிலிருந்து வெளியே வந்தது, பையன் ஒன்பதரைக்குள் தூங்கினான். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட ஆள் வேண்டுமே, அப்பா போனார். அதிகம் சண்டை போட்டது ஒல்லியான அக்காதான்: “எனக்கு எதுக்கு இதெல்லாம்?”

கடைசியாக வந்தபோது அவனுக்குப் பத்து வயது. 141 சென்டிமீட்டர், 38 கிலோ. அட்டவணைப்படி இன்னும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பருமன் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டான். கழுத்தில் கருமை மங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.