கொடுவாவில் ஒட்டியிருந்த புழு: மரபணு முடிவு வந்தாச்சு!

வந்துவிட்டது நண்பர்களே, மரபணு வரிசை வந்தேவிட்டது! கூண்டில் வளர்த்த கொடுவா மீனின் மேல் இருந்த தட்டைப்புழுவைப் போன வீடியோவில் காட்டினேனே, அது நியோபெனிடீனியா கிரெல்லே.

உங்களில் பாதிப்பேர் அதே பேரினத்தின் இன்னொரு இனமான மெல்லனி என்று அடித்துச் சொன்னீர்கள். குற்றமில்லை. மெல்லனிக்கு 1927-இலும் கிரெல்லேவுக்கு 1955-இலும் பெயர் வைத்தார்கள். உருவத்தில் வித்தியாசம் பிடிபடாததால், 1996-இல் ஆய்வாளர்கள் விட்டிங்டனும் ஹார்ட்டனும் இரண்டும் ஒன்றுதான் என்று சேர்த்துவிட்டார்கள். 2018-இல் பல நாட்டுப் புழுக்களின் மரபணுவைப் பார்த்த பிறகுதான், பண்ணைகளில் ஆட்டம் போடுவது பெரும்பாலும் கிரெல்லே என்று தெரிந்தது. அந்தக் குழுவிலும் விட்டிங்டன் இருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது!

அதற்காக மைக்ரோஸ்கோப்பை மூட்டை கட்டிவிடாதீர்கள். பேரினம் வரைக்கும் அதுவே போதும். முன்னால் இரண்டு வட்டமான ஒட்டுத்தட்டு, பின்னால் கொக்கிகளோடு பெரிய தட்டு. யோனிக்குழாய் இருந்தால் பெனிடீனியா என்கிற நெருங்கிய பேரினமா என்று பார்க்கவேண்டும், இதில் கிடையாது.

புழுவைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் வாடையே எனக்கு ஆகாது. அதில் போட்டால் உருவம் நிற்கும், மரபணு கெட்டுவிடும். அதனால் எத்தனால்தான். அதற்குத்தான் எத்தனை அலைச்சல்! ஒரு கடையில் லைசென்ஸ் கேட்டார்கள், இன்னொரு கடையில் அரை லிட்டர் 1,400 ரூபாய். புழு அரை சென்டிமீட்டர்கூட இல்லை ஐயா! பேசிப் பேசி 1,150-க்கு இறக்கினேன். போதாததற்கு ஸ்லைடு மேல் மூடும் மெல்லிய கண்ணாடி, அதான் கவர் ஸ்லிப், ஒரு பெட்டி இலவசம். இதோ பாருங்கள், பிரிக்கவே மனசு வரவில்லை.

அட, புழுவை எப்படி எடுத்தேன் என்று சொல்லவே இல்லையே. மீனைக் கொஞ்ச நேரம் நன்னீரில் விட்டேன். அதுவரை கண்ணுக்கே தெரியாத புழுக்கள் வெள்ளையாகி உதிர்ந்தன. கொடுவா ஆற்றிலும் வாழும் மீன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் புழுவின் ஓரத்தில் ஒரு துணுக்கை மட்டும் வெட்டி எத்தனாலில் போட்டேன்; மீதி உடம்பு கார்மைன் சாயமேற்றி ஸ்லைடுக்குப் போனது. இனத்தைக் கண்டுபிடிக்க, துணுக்கில் 28எஸ் என்கிற மரபணுப் பகுதியையும் சைட்டோகுரோம் பி என்கிற மரபணுவையும் ஆய்வகத்தில் படித்தார்கள்.

முழுப் புழுவையும் அரைத்துவிட்டு மரபணு வரிசையை மட்டும் தரவுத்தளத்தில் பதிவேற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். நாளைக்குப் பெயரில் சந்தேகம் வந்தால் எதை எடுத்துப் பார்ப்பது? என் வரிசையோடு ஸ்லைடு எண்ணையும் சேர்த்தே கொடுக்கிறேன். சாயமேற்றுவதைத் தனி வீடியோவாகக் கேட்டிருந்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.