செராமிக் பிரேக் பேட் மாத்தியாச்சு, ஆனா மொத தடவ சொதப்பினது நான்தான்

வணக்கம் மக்களே. மைக்க காலர்ல மாட்டியிருக்கேன், கையெல்லாம் கிரீஸ், அப்பப்ப கரகரன்னு சத்தம் வந்தா கண்டுக்காதீங்க. இன்னைக்கு கார் பின்பக்கம் ரெண்டு வீலுக்கும் செராமிக் பிரேக் பேட் போட்டு முடிச்சேன். வீலோட சேந்து சுத்தற இரும்புத் தட்டு டிஸ்க், பிரேக் மிதிச்சா அத ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்கற கட்டைதான் பேட். முன்பக்கத்துக்கு மூணு மாசம் முன்னாடியே போட்டாச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு முக்கியம்.

மொதல்ல இத பாருங்க. கேமராவ கீழ கொண்டுவரேன். இது முன்வீல், கழுவி நாலு நாள் ஆச்சு. இந்த வெள்ளத் துணியால ஒரே ஒரு இழுப்பு... ம்ம். லேசா சாம்பல் நிறம், அவ்வளவுதான். இரும்பு கலந்து செஞ்ச பழைய செமி மெட்டாலிக் பேட் இருந்தப்ப இதே நாலு நாள்ல வீல் கரி பூசின மாதிரி ஆயிடும். அதுல பாதிக்கு மேல இரும்புத் தூள் மக்களே. பேட்ல இருக்கற இரும்பு தேயுது, அது போய் டிஸ்கையும் சுரண்டுது, ரெண்டும் சூட்டோட பறந்து வந்து அலாய் வீல்ல உக்காருது. அப்புறம் ஈரம் பட்டா துரு. எத்தன தேய்ச்சாலும் போகாத புள்ளிகள் வரும் பாருங்க, அது இதுதான். செராமிக்லயும் தூசி வரும், ஆனா நிறம் வெளிறி இருக்கும், ஒட்டாது.

சரி, எல்லாரும் கேக்கற மொதக் கேள்வி: செராமிக் போட்டா வண்டி சட்டுனு நிக்குமா? நிக்காது. அதாவது, இப்ப நிக்கறத விட சீக்கிரம் நிக்காது. உங்க பழைய பேட்லயே ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ், அதாவது வீல் பூட்டிக்காம தடுக்கற அமைப்பு, வேல செய்யுதா? அப்ப பேட் தன் வேலைய முடிச்சிடுச்சு, அதுக்கு மேல டயர் கையிலதான் இருக்கு. சொல்லப்போனா மொத மிதியில செமி மெட்டாலிக் கொடுக்கற அந்த 'கப்'புனு புடிக்கற உணர்வு செராமிக்ல கொஞ்சம் கம்மி. சத்தம் இல்லாம, தூசி இல்லாம, ஒரே சீரா மிதி வேணும்னா இது. பந்தயக்கார் கனவு இருந்தா இது வேண்டாம். பந்தயக்கார்ல சொல்ற கார்பன் செராமிக்ங்கறது டிஸ்கே அந்தப் பொருள்ல செஞ்சது, வேற சமாச்சாரம். நம்ம டிஸ்க் பழைய வார்ப்பிரும்புதான், பேட் மட்டும்தான் மாறுது.

பேட்டுக்குள்ள என்ன இருக்கு? செராமிக் நார், நிரப்புப் பொருள், எல்லாத்தையும் கட்டி வைக்க ரெசின். முன்னெல்லாம் தாமிரமும் நெறைய போடுவாங்க. அந்தத் தாமிரத் தூள் மழைத்தண்ணியோட ஆத்துக்குப் போயி சால்மன் மீனோட மோப்பத்தையே கெடுக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. அதனால அமெரிக்காவுல கலிஃபோர்னியா 2010ல சட்டம் போட்டு, 2021லேந்து எடையில 5 சதவீதத்துக்கு மேல கூடாது, 2025லேந்து 0.5 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு வச்சாங்க. வட அமெரிக்கச் சந்தைக்கு வர்ற பேட் டப்பாவுல மூணு இலை படம் முழுசா நிரப்பி இருந்தா தாமிரம் அந்த 0.5க்குக் கீழன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, பேட் ஓரத்துல குட்டியா ரெண்டு ஆங்கில எழுத்து அடிச்சிருக்கும், 'எஃப் எஃப்', 'ஜி ஜி'ன்னு. மொத எழுத்து சூடு ஏறாதப்ப எவ்வளவு புடிக்கும், ரெண்டாவது சூடேறினப்புறம் எவ்வளவு. 'எஃப்'ன்னா உராய்வு எண் 0.35லேந்து 0.45. 'ஜி'ன்னா 0.45லேந்து 0.55. 'இ'ன்னா 0.25லேந்து 0.35. டப்பா மேல இருக்கற பெரிய பெரிய வார்த்தைய விட்டுட்டு, உங்க பழைய பேட்ல என்ன எழுத்து இருந்துச்சோ அதுக்குக் கீழ போகாம வாங்குங்க.

இப்ப என் சொதப்பல்.

மூணு மாசம் முன்னாடி முன்பேட் மாத்தினப்ப, டிஸ்க் பழசு, நல்லாத்தான் இருக்குன்னு அப்படியே விட்டேன். பேட்ட மாட்டினேன், நட்ட முறுக்கினேன், புதுப் பேட்ட பழக்காமலேயே அதே சாயங்காலம் நெடுஞ்சாலைக்குப் போயிட்டேன். ஒரு ரெண்டு வாரம் சொர்க்கம். சத்தமே இல்ல. மூணாவது வாரம், 80ல போய்க்கிட்டிருந்து பிரேக் வச்சா ஸ்டியரிங் கையில தடதடன்னு ஆடுது. 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு'ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வளைவ அளக்கற டயல் கேஜ் வச்சுப் பாத்தா டிஸ்க் நேரா இருக்கு. மண்டை காய்ஞ்சிடுச்சு.

அப்புறம் ராத்திரி டார்ச்ச டிஸ்க் மேல சாய்ச்சு அடிச்சுப் பாத்தேன். அங்க இருக்கு! பேட் வடிவத்துலயே ஒரு திட்டு, கொஞ்சம் நீலம் கலந்த கருப்பு. ஸ்டாம்ப் குத்தின மாதிரி. எப்படி வந்துச்சுன்னா, ஒரு நாள் வேகமா வந்து கடுமையா பிரேக் அடிச்சு சிக்னல்ல நின்னேன். டிஸ்க் கொதிக்குது, நான் பெடல அமுக்கிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். பேட் பொருள் அந்த எடத்துலயே அப்பிக்கிச்சு.

இத புரிஞ்சுக்கிட்டா செராமிக் பேட்ட பத்தி முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி. செமி மெட்டாலிக் பெரும்பாலும் டிஸ்க் இரும்ப சுரண்டித்தான் நிறுத்துது. செராமிக் என்ன பண்ணுது, மொதல்ல தன் பொருளையே மெல்லிசா டிஸ்க் மேல பூசுது, அப்புறம் அந்தப் பூச்சு மேலதான் புடிக்குது. கரும்பலகையில சாக்பீஸ படுக்க வச்சு இழுத்தா ஒரு வெள்ளப் படலம் வருமே, அது மாதிரி. படலம் சீரா இருந்தா மிதி வெண்ணெய். ஒரு எடத்துல தடிச்சா தடதடப்பு. எவ்வளவு தடிச்சா போதும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டர அம்பது பங்கா வெட்டினா அதுல ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது, கைக்குத் தெரியும். என் கேஸ்ல அடியில செமி மெட்டாலிக் மிச்சம், மேல செராமிக் திட்டு.

தீர்வு ரொம்ப சிம்பிள். உப்புத்தாள வச்சு டிஸ்க் ரெண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமா தேய்ச்சு, பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, இந்தத் தடவ பேட்ட ஒழுங்கா பழக்கினேன், அதாவது நிதானமா பல தடவ பிரேக் வச்சு அந்தப் படலத்த சீரா படிய வச்சேன். ஆட்டம் போச்சு. டிஸ்க்ல ஆழமா கோடு விழுந்திருந்தா உப்புத்தாள் பத்தாது, லேத்துல கொடுக்கணும். ஆனா டிஸ்க் மேல குறைஞ்சபட்சத் தடிமன் அடிச்சிருக்கும். அதுக்குக் கீழ போயிட்டா லேத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது, புதுசுதான்.

மாட்டறத பத்தி நெறைய வீடியோ இருக்கு, நான் நீட்டல. பேட்ட புடிச்சு வச்சிருக்கற காலிப்பர பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கட்டுக்கம்பி போட்டுக் கட்டுங்க. பேட்ட அமுக்கற பிஸ்டன உள்ள தள்ளினா பிரேக் ஆயில் டப்பா பொங்கும், ஒரு கண்ணு அங்க இருக்கட்டும். தூசிய காத்தடிச்சு ஊதவே ஊதாதீங்க, மூக்குக்குள்ள போற சமாச்சாரம். பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக், அதாவது மோட்டார்ல வேல செய்யற ஹேண்ட் பிரேக், இருந்தா சர்வீஸ் மோடுக்குப் போகாம பிஸ்டன அழுத்தினா மோட்டார் போச்சு. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பெடல நாலஞ்சு தடவ அமுக்கி கெட்டியாக்கிக்கோங்க. மொத மிதி பொசுக்குனு தரை வரைக்கும் போகும், வண்டிய எடுத்து கேட்டுகிட்ட போனப்புறம் அது தெரிஞ்சா பயனில்ல.

யாருக்கு இது வேண்டாம்? பாரம் ஏத்தறவங்க, டிரெய்லர் இழுக்கறவங்க, தினமும் மலை எறங்கறவங்க. 1,500 கிலோ வண்டி 100ல வந்து ஒரு தடவ நின்னா வர்ற சூடு, ஒண்ணே முக்கால் லிட்டர் தண்ணிய கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரே ஒரு பிரேக்குக்கு! செமி மெட்டாலிக்ல இருக்கற உலோகம் அதுல ஒரு பங்க இழுத்துக்கும். செராமிக் சூட்ட வாங்கிக்காது, பெரும்பாலும் டிஸ்க்தான் சுமக்கணும். மலையிறக்கத்துல டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது. எந்தப் பேட் போட்டாலும் பிரேக் ஆயில மறந்துடாதீங்க. டாட் 4ங்கற வகை ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் இழுத்துக்கிட்டா 155லயே கொதிக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க.

இப்ப பழக்கற வேல பாக்கி. காலி ரோடு, 50ல போயி, நிக்கப்போற அளவுக்கு நிதானமா பிரேக், ஆனா முழுசா நிக்கக்கூடாது. முப்பது விநாடி ஓட்டி ஆற விடணும், மறுபடி. மொத்தம் முப்பது தடவ. நடுவுல ஒரு தீஞ்ச வாசன வரும், அது ரெசின், பயப்படாதீங்க. எனக்கு பன்னெண்டுக்கு மேல எண்ணிக்கை தவறிடும். அதனால பக்கத்து சீட்டுல தம்பி, கையில பேப்பர் பேனா, ஒரு பிரேக்குக்கு ஒரு கோடு. டேய், போன தடவ மாதிரி தூங்கிடாத. ஏறு, கிளம்பலாம்.