தட்டைத் திருப்பிப் போடுங்கள்

வணக்கம். கையில் ஓர் இசைத்தட்டோடு வந்திருக்கிறேன். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, சிங்கிள் என்பார்களே அதுதான். பக்கத்துக்கு ஒரு பாட்டு: விற்க நினைக்கும் பாட்டு முன்பக்கம், துணைக்கு ஒன்று பின்பக்கம். பழைய சாமான் கடையில் ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்தேன். ஒரு பக்கம் ஊசி ஓடி ஓடிச் சாம்பல் பூத்துப் போயிருக்கிறது. மறுபக்கம் கன்னங்கரேலென்று அப்படியே பளபளக்கிறது. முன்பு வைத்திருந்த புண்ணியவான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை போலிருக்கிறது.

தேய்ந்த பக்கத்தில் இருப்பது 'ரிலீஸ் மீ'. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அந்தப் பெயர் ஒரு பழைய ஜெர்மானிய இசையமைப்பாளருடையது, மேனேஜர் கார்டன் மில்ஸ் எடுத்து இவருக்கு வைத்தார். சொந்தப் பெயர் அர்னால்டு டார்சி, பிறந்தது 1936இல், நம்ம மெட்ராஸில்! சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போய்விட்டது.

1967இல் இந்தப் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 6 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. வழியில் நின்று அடி வாங்கியது யார் தெரியுமா? பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு. 1963 ஏப்ரலில் தொடங்கி வரிசையாக 11 சிங்கிள்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள், அந்தப் பிப்ரவரியில் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டையும் ஒரே தட்டில் போட்டு, இதில் பின்பக்கமே கிடையாது, இரண்டும் முன்பக்கம்தான் என்று விட்டார்கள். இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது. பின்பக்கத்தை மதிக்காததால் வந்த சாபம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

சரி, இந்தப் பின்பக்கம் எதற்கு? கடைக்காரர் கேட்பதும் வானொலி ஒலிபரப்புவதும் முன்பக்கத்தைத்தான். ஆனால் தட்டு விற்றால், பாட்டு எழுதியவருக்குப் போகும் காசு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். முன்பக்கம் ஓடினால் பின்பக்கத்துக்காரர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்துவிடலாம். 'ரிலீஸ் மீ' அமெரிக்காவில் யாரோ எழுதிய பழைய கன்ட்ரி பாட்டு, அந்த நாட்டுக் கிராமத்துப் பாணி, அதற்கான பணம் அங்கே போய்விடும். இந்தப் பளபளக்கும் பக்கத்தில் இருக்கிற 'டென் கிடார்ஸ்' பாட்டை எழுதியவர் யார்? அதே கார்டன் மில்ஸ். தற்செயலா இல்லையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடந்ததை மட்டும் யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது. பிரிட்டனில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத இந்தப் பாட்டை நியூசிலாந்துக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். நாலைந்து கார்டு, அதாவது சில நரம்புகளைச் சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டு, தெரிந்தால் போதும், எவரும் வாசித்துவிடலாம். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைத் தங்களுக்கே உரிய ஒரு கிடார் தட்டலில், கையால் நரம்பை அமுக்கி விட்டு 'ஜிங்கா ஜிக்' என்று சத்தம் வருகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார்கள். பார்ட்டி, கல்யாணம், கிடார் இருக்கிற எந்த வீட்டுக் கூடமாகட்டும், அது இல்லாமல் ராத்திரி முடியாது என்றாகிவிட்டது. அந்த நாட்டின் இன்னொரு தேசிய கீதம் என்று இன்றும் கிண்டலாகச் சொல்வார்கள். மெட்ராஸில் பிறந்த ஒருவர் லண்டனில் பாடிய பாட்டு, இன்னொரு கடலோரத்தில் ஊர்ப்பாட்டாகிவிட்டது.

பீட்டில்ஸையும் ஒரேயடியாகக் குறை சொல்லக் கூடாது. 1968 மார்ச்சில் வந்த 'லேடி மடோனா' தட்டைத் திருப்பினால் 'தி இன்னர் லைட்'. அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது, அவர் பாட்டு ஒன்று பீட்டில்ஸ் சிங்கிளில் வந்தது அதுதான் முதல் முறை, அதுவும் பின்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. இசையைப் பதிவு செய்தது அந்த ஜனவரியில், பம்பாயில், நம் நாட்டு வாத்தியக்காரர்களை வைத்து. பம்பாய் ஸ்டூடியோவில் ஒரே தடத்தில் ஒலியைப் பதியும் மோனோ இயந்திரம் மட்டுமே இருந்ததால், கிராமஃபோன் கம்பெனியின் பாஸ்கர் மேனன், திருவனந்தபுரத்துக்காரர், கல்கத்தாவிலிருந்து இரண்டு தடத்தில் பதியும் இயந்திரம் ஒன்றை ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார். ஸ்டூடியோவுக்குள் தெருச் சத்தம் வேறு வந்துகொண்டிருக்குமாம். முன்பக்கத்துக்கு இப்படியொரு பாட்டைக் கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் தைரியம் வந்திருக்காது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்றைக்கு ஃபோனில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதுவே தேர்ந்தெடுத்துவிடுகிறது. இதற்கு எழுந்து போக வேண்டும், ஊசியைத் தூக்க வேண்டும், விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும். வீட்டில் இரண்டு தடவை இதைக் கேட்டுவிட்டேன், கொஞ்சம் கீறல் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் உங்களுக்குத் தெரிந்த பாட்டுதான், அது வேண்டாம். வானொலி நிலைய நண்பர் திருப்பி வைத்துவிட்டார், 'டென் கிடார்ஸ்' கேட்போம்.