10,000 மணி நேரமும் 37 மடங்கும்

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு அல்சூருக்கு வந்திருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். இந்த ஆண்டு நாம் படித்த பிரபல அபுனைவு நூல்கள் தந்தது அறிவா, அறிந்துவிட்டோம் என்ற நினைப்பா? நினைப்புதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன், மால்கம் கிளாட்வெல்லின் 'அவுட்லையர்ஸ்' படித்துவிட்டு மகளை வயலின் வகுப்பில் சேர்த்ததாகச் சொன்னார். 10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் மேதையாகலாமாம். நானும் சர்ச் தெருவில் பழைய பிரதி வாங்கிப் படித்தேன். சுவையான எழுத்து, மறுக்கவில்லை. அப்புறம் அந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடினேன். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் இசை மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை அது. மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரிதான் 10,000. அவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் அதைத் தொடவில்லை. சொன்னவர் எரிக்சனேதான்! அண்ணே, பாப்பா தினம் 3 மணி நேரம் வாசித்தாலும் 9 வருடம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரரையும் கொஞ்சம் நினையுங்கள்.

அடுத்த உதாரணம், உளவியலாளர் டேனியல் கானமன். நோபல் பரிசு பெற்றவர். 2011-இல் வந்த அவருடைய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' நூலில், முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்றொரு சோதனை வரும். மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அது கைகூடவில்லை. போதிய பலமில்லாத ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-இல் கானமனே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்! ஆனால் சோதனையைக் கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒப்புதல் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்', தினம் 1 சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு என்கிறது. வட்டிக்கு வட்டி, கணக்கு சரி. அதற்காக, கப்பன் பூங்காவில் 1 கிலோமீட்டர் நடப்பவர் அடுத்த வருடம் 37 கிலோமீட்டரா நடப்பார்? ஏறக்குறைய ஓசூரே வந்துவிடும். சில்க் போர்டு நெரிசலுக்கு அதுவே வேகம் என்பீர்கள்!

டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' நூலை எதிரணித் தோழி நீட்டினார். சரி, ஒத்துக்கொள்கிறேன். இந்தியர்களின் மூதாதையர் யார் என்பதற்கு மரபணு, தொல்லியல், மொழியியல் சான்றுகளை அடுக்கி, முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்றும் காட்டுகிற நூல் அது. ஆனால் டீ இடைவேளையில் நாம் பரிமாறிக்கொள்வது அந்த வழியை அல்ல, ஒற்றை எண்ணைத்தான்.

அடுத்துப் பேசும் எதிரணித் தலைவர் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: இந்த ஆண்டு படித்த எந்த நூலிலாவது, கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் புரட்டினீர்களா? பதிலைச் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள் ஐயா.