நம் தெருவுக்கு ஒரு காவல் குழு

சங்கத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ராத்திரி ரோந்துக்கு வருகிறோம் என்று இளைஞர்கள் பலர் கை தூக்கினீர்கள். சந்தோஷம். ஆனால் அதற்கு முன்னால், எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது எது? கேட்டில் தொங்கும் நேற்றைய பால் பாக்கெட், வாசலில் சேர்ந்துகிடக்கும் பேப்பர், பகலிலும் எரியும் விளக்கு. இதெல்லாம் முதலில் கண்ணில் படுவது, காலையில் கோலம் போட வரும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான்.

அதனால் பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், அவர்கள் பிள்ளைகளின் போன் நம்பர் என்ன என்பதை அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் அவரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் சென்னை மாநகராட்சியின் 1913-க்குப் போன் போடுங்கள். கேமரா தெருவைப் பார்க்கட்டும், அடுத்தவர் ஜன்னலை அல்ல.

இப்போது மனசை உறுத்தும் ஒரு விஷயம். 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தது. கூட்டம் சேர்ந்தது. 65 வயது அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்களில் பலர், ஊரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் குழுவில் கட்டை, கம்பு கூடவே கூடாது. டார்ச், விசில் போதும். இருவர் இருவராகப் போங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் போடுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், வண்டி நம்பர். யாருடைய படத்தையும் போட்டு 'திருடன்' என்று எழுதாதீர்கள். சந்தேகம் என்றால் 100 அல்லது 112. ஜாமீனில் வர முடியாத குற்றத்தைக் கண்ணெதிரே செய்கிறவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தாமதிக்காமல், மிஞ்சிப்போனால் 6 மணி நேரத்துக்குள், போலீஸில் ஒப்படைத்தாக வேண்டும். பிடித்தவரைக் கட்டிவைத்து அடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

அப்புறம் ஒன்று. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கு நம் எல்லார் வீட்டையும் தெரியும். பகல் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர். வாட்ச்மேன்களையும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தம்பிகளையும் சந்தேகப் பட்டியலில் வைக்காமல், அவரோடு சேர்த்து அவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி.