ஊர் சேர்ந்து காப்பாத்துன பள்ளிக்கூடம்

மேடையில இருக்கற சங்கத் தலைவர் ஐயா அவர்களே, சனிக்கிழமை தமிழ் வகுப்பை இத்தனை வருஷமா விடாம நடத்திட்டு வர்ற தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, வேற விழாவுக்குப் போக வேண்டியிருந்தும் நம்ம அழைப்பை மதிச்சு வந்திருக்கற கவுன்சிலர் அவர்களே, ஹால் கொடுத்து உதவின சர்ச் நிர்வாகிகளே, பின்னாடி எல்லாருக்கும் டீ போட்டுட்டு இருக்கற அக்காமாரே, வணக்கம்.

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்ல இருக்கற ஆறாம் எட்வர்ட் கிராமர் ஸ்கூலைப் பத்தி மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். அது எப்படி வந்துச்சு, அங்க என்ன படிச்சாங்க, இன்னிக்கும் விடாம வெச்சிருக்கற வழக்கங்கள் என்ன. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்னு சொல்வாங்க இல்லையா, அந்த ஸ்கூலோட கதையே அதுதான்.

அந்த ஊர்ல ஹோலி கிராஸ் கில்டுன்னு ஒரு சங்கம் இருந்துச்சு, 1427லயே பள்ளிக்கூடத்துக்குன்னு தனியா வீடு கட்டிக் கொடுத்தாங்க. 1547ல சட்டம் போட்டு இந்த மாதிரி மதச் சங்கங்களைக் கலைச்சு சொத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. ஊர்க்காரங்க சும்மா இருக்கல, மனு போட்டாங்க. 1553 ஜூன் 28ல ராஜா ஆறாம் எட்வர்டோட சாசனம் வந்துச்சு, கில்டோட சொத்து ஊர் கார்ப்பரேஷன் கைக்கு வரணும், அந்த வருமானத்துல வாத்தியாருக்கு வருஷம் 20 பவுண்ட் சம்பளம், இருக்க வீடு. சாசனம் கொடுத்த ராஜாவுக்கு வயசு 15தான், ஜூலை 6ல இறந்துட்டார். மனு ஒரு பத்து நாள் லேட்டாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

ஷேக்ஸ்பியர் படிச்சது இங்கதான்னு சொல்றாங்க. அந்தக் காலத்து அட்டெண்டன்ஸ் எதுவும் மிஞ்சல, ஆனா அவர் அப்பா கையுறை தைக்கறவர், 1568ல ஊருக்கே பெய்லிஃப், அதாவது மேயர் மாதிரி, பையனுக்கு ஃபீஸ் கிடையாது, வேற எங்க அனுப்பியிருப்பார்? படிப்புன்னா லத்தீன்தான், கோடைல காலைல 6 மணிக்கே பெஞ்சுல உக்காரணும்.

அவர் எழுதின 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்துல ஒரு காட்சி இருக்கு, இதை அவசியம் கேளுங்க. வில்லியம்னே ஒரு பையன், அன்னிக்கு ஸ்கூல் லீவு, ஆனா அம்மா வாத்தியாரைப் பிடிச்சு "இவன் ஒண்ணுமே படிக்கறதில்லன்னு இவங்கப்பா சொல்றாரு, நாலு கேள்வி கேளுங்க"ன்னு நடுத்தெருவுல நிறுத்திடறாங்க. வாத்தியார் லத்தீன்ல லாபிஸ்னா என்னடாங்கறார். "கல்லு"ங்கறான். சரி, கல்லுன்னா என்னடா? "கூழாங்கல்லு"ங்கறான் பாவம்! இல்லடா, லாபிஸ், மண்டைல ஏத்திக்கோங்கறார். அதுக்கு முன்னாடி அழகுக்கு லத்தீன்ல என்னன்னு கேட்டப்ப புல்கெர்னு கரெக்டா சொல்றான், பக்கத்துல நிக்கற வேலைக்காரம்மா காதுல அது போல்கேட்னு விழுது, அது நாத்தம் பிடிச்ச ஒரு பிராணி, அதைவிட அழகானது எவ்வளவோ இருக்கேன்னு சண்டைக்கே வந்துடறாங்க. மறந்தா அடி விழும்னு மிரட்டித்தான் வாத்தியார் விடறார். கடைசியில அம்மா, நான் நினைச்சதைவிட நல்லாவே படிக்கறான்னு சந்தோஷமா போறாங்க. லீவு நாள்லகூட பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேக்கற அம்மா இந்த ஹால்ல எத்தனை பேர்!

ஆனா அதே ஷேக்ஸ்பியரோட மகள் ஜூடித் 1611ல ஒரு பத்திரத்துல கையெழுத்துக்குப் பதிலா குறிதான் வெச்சாங்க. அந்த ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு இடமே இல்ல, சிக்ஸ்த் ஃபார்ம்ல, அதாவது கடைசி ரெண்டு வருஷ வகுப்புல, சேத்தது 2013லதான். எனக்கு இதைப் படிச்சப்ப மனசு ஆறவே இல்ல.

இன்னிக்கும் அந்த ஸ்கூல்ல ஃபீஸ் இல்ல, ஆனா உள்ள போக லெவன் ப்ளஸ்னு ஒரு பரீட்சை இருக்கு. அந்தப் பரீட்சைக்கு ட்யூஷன் வைக்க முடிஞ்ச வீட்டுப் பிள்ளை தயாராகுது, ரெண்டு ஷிஃப்ட் வேலை பாக்கற வீட்டுப் பிள்ளை? ஏப்ரல்ல ஷேக்ஸ்பியர் பிறந்தநாளுக்கு ஸ்கூல் பிள்ளைங்க பூ எடுத்துட்டு அவர் கல்லறைக்கு ஊர்வலமா போவாங்க, பாக்கவே அழகா இருக்கும், ஆனா அதைவிட அவசரம் இதுதான். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். அன்னிக்கு ஊர்ச் சொத்துல வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தாங்க, நம்ம சங்க நிதியில லெவன் ப்ளஸ்க்கு ஒரு இலவச வகுப்பு நடத்தக் கூடாதா? தமிழ் வகுப்பு முடிஞ்சதும் ஒரு மணி நேரம், இதே ஹால்ல, பொண்ணுங்களுக்கும் பசங்களுக்கும் சேத்து. தலைவர் ஐயா அடுத்த கமிட்டி மீட்டிங்ல இதை எடுக்கணும்னு மேடையிலயே கேட்டுக்கறேன். கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தர முடிஞ்சவங்க, காலேஜ் போற தம்பி தங்கச்சிங்க உட்பட, வாசல் பக்கத்து மேஜையில நோட்டு வெச்சிருக்கேன், பேரும் எந்த வாரம் வர முடியும்னும் எழுதிட்டுப் போங்க.