ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த கடை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் பழைய பல்பொருள் அங்காடியான ராபின்சன்ஸ் என்றதும் உங்களில் பலருக்கு ஆர்ச்சர்ட் ரோடும் தள்ளுபடி விற்பனைக் கூட்டமும்தான் ஞாபகம் வரும். ஆனால் அது துறைமுகம் பெற்ற பிள்ளை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1858இல் பிலிப் ராபின்சனும் ஸ்பைசர் என்பவரும் சேர்ந்து இந்தக் கடையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஸ்பைசர் விலகிவிட்டார். கடை பிறந்த கமர்ஷியல் ஸ்குவேருக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் மாறியதும் அதே 1858இல்தான். கப்பலில் வந்தவர்கள் ஜான்ஸ்டன் படகுத்துறையில் இறங்கினால் ராஃபிள்ஸ் பிளேஸ் கூப்பிடு தூரம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின. சீமைச் சரக்கும் வெள்ளைக்காரர் குடும்பங்களும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. கடை வேறு தெருவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி அங்கேயே வந்ததில் வியப்பில்லை. பக்கத்திலேயே ஜான் லிட்டில் கடை. அதையும் 1955இல் ராபின்சன்ஸ் வாங்கிவிட்டது. இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நீங்கள் பார்க்கும் அந்தப் பழைய பாணி முகப்பு, ஜான் லிட்டில் கட்டடத்தைப் பார்த்துச் செய்தது.

நம் ஆட்களுக்கும் அது அந்நிய இடமில்லை. சற்று நடந்தால் மார்க்கெட் ஸ்ட்ரீட், செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள். ஆற்றில் சரக்குப் படகு தள்ளியவர்களில் தொடக்க காலத்தில் தமிழர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்தில் அவர்கள் ராபின்சன்ஸில் சாமான் வாங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த வட்டாரம் அவர்கள் உழைப்பிலும்தான் எழுந்தது.

1941இல் ராஃபிள்ஸ் சேம்பர்ஸ் கட்டடத்துக்குக் கடை மாறியது. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் போட்ட முதல் குண்டுவீச்சிலேயே அதற்கு அடி விழுந்தது. போர் முடிந்து 1946இல் மறுபடி திறந்தார்கள்.

அப்புறம் 1972 நவம்பர் 21. காலை நேரம், மின்கசிவு, தீ. தீயணைப்பு வீரர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் போதிய அழுத்தம் இல்லை. கட்டடம் முழுவதும் போய்விட்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டவர்கள். தீ பிடித்தால் மின்தூக்கியில் ஏறாதீர்கள் என்று நம் அடுக்குமாடி புளோக்கில் ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான். ராபின்சன்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒன்பது பேரை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை. கடையின் வயதைவிட அந்த உயிர்கள் பெரிது.

சில வாரங்களிலேயே ஆர்ச்சர்ட் ரோட்டில் ஸ்பெஷலிஸ்ட்ஸ் சென்டரில் கடை திறந்தது. தலைமைக் கடை ராஃபிள்ஸ் பிளேஸுக்குத் திரும்பவே இல்லை. தீ ஒரு காரணம்தான். கப்பலில் வந்தவர்கள் விமானத்தில் வரத் தொடங்கிவிட்டார்கள். ராஃபிள்ஸ் பிளேஸை வங்கிகள் நிறைத்தன. கடை 1983இல் சென்டர்பாயின்ட் கட்டடத்துக்கும் பிறகு ஹீரன் கட்டடத்துக்கும் மாறியது. 2020 அக்டோபர் 30ஆம் தேதி கடையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 162 ஆண்டுகள்!

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவோ அத்தையோ அந்தக் கடையில் காவலாளியாக, விற்பனையாளராக, சரக்கு கட்டுபவராக வேலை பார்த்திருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று மையம் இருக்கிறது, அவர்களிடமும் சொல்லுங்கள். முதலாளிகள் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நன்றி.